கூண்டைப் பாத்து விதைச்ச உளுந்து

எனக்கு என் மச்சினன் மேல பொறாமை. என் மனைவியோட கூடப்பிறந்த தம்பி. இதை முதல்லயே சொல்லிருதேன், ஏன்னா இனி நான் சொல்லப் போறதுல எங்கயாவது நான் நியாயஸ்தன் மாதிரித் தெரிஞ்சா நீங்க நம்பிரக் கூடாது. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செஞ்சதில்ல. அதுதான் எரிச்சலே. ஒரே ஒரு கெடுதல் செஞ்சிருந்தான்னா, நல்லா ஒரு சண்டை போட்டு மனசு ஆறியிருக்கும்.

நான் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துற ஆளா இருந்தேன். கடல்ல காத்தழுத்தம் உருவானா மேல இருந்து செய்தி வரும், இத்தனாம் நம்பர் கூண்டு ஏத்துன்னு. நான் போய்க் கொடிமரத்துல ஏத்துவேன். மறுநாள் பேப்பர்ல கூண்டு ஏறின செய்தி வரும், ஏத்துனவன் பேரு வராது. ஆனா எங்க தெருவுல எனக்கு ஒரு மரியாதை இருந்துச்சு. கருவாடு காயப்போட்டவங்க, உப்பளத்துக்குப் போறவங்க, மகளுக்குக் கல்யாணப் பந்தல் போட நினைக்கவங்க எல்லாரும் என்னை நிப்பாட்டி, "அண்ணாச்சி, மழை வருமா?"ன்னு கேப்பாங்க. நானும் வானத்தை ஒரு பார்வை பாத்துட்டு, வரும்னோ வராதுன்னோ சொல்லுவேன். வந்த செய்தியை வாசிச்சுக் கயித்தை இழுக்கதுல என் மூளைக்கு வேலையே இல்லைன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் வருஷக்கணக்கா ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டே இருந்தா, மழை நம்ம டிபார்ட்மெண்ட்னு ஒரு நெனப்பு வந்துரும். எனக்கு வந்துருச்சு.

மச்சினனுக்கு ஊரு கயத்தாறு பக்கம். கரிசல் மண். என் மாமனார் சாகுறதுக்கு முன்னாலயே புஞ்சையை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதியை மகனுக்கும் ஒரு பாதியை மகளுக்கும் எழுதி வச்சிட்டாரு. நடுவுல ஒரே ஒரு வரப்புதான். நாங்க தூத்துக்குடியில இருந்ததால ரெண்டு பாதியையும் மச்சினனே விதைச்சு, தை மாசம் பிறந்ததும் எங்க பங்கு உளுந்தை மூடையாக் கொண்டுவந்து வீட்டுல இறக்கிட்டுப் போவான். ஒரு வருஷம் கூட அவன் தவறினதில்ல.

என் கஷ்டம் அந்த மூடையில இருந்துதான் ஆரம்பிச்சுச்சு. என் மனைவி வாரத்துக்கு ரெண்டு நாள் மாவு அரைப்பா. உளுந்து ஆடி முடியுற நேரத்துல கிரைண்டர் மூடியைத் தூக்கிட்டு, "ஏங்க, இங்கன வாங்க. எப்படிப் பொங்குதுன்னு பாருங்க. கடை உளுந்து இப்படி வருமா? எங்க தம்பி கை அப்படி"ம்பா. நான் பேப்பரை மடிச்சு வச்சிட்டு அடுப்படிக்குப் போகணும். நுரையை எட்டிப் பாக்கணும். "ஆமா, நல்லாத்தான் பொங்குது"ன்னு சொல்லணும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் செஞ்ச ஒரு காரியத்தையாவது அவ இப்படி மூடியைத் தூக்கி யாருக்காவது காட்டியிருப்பாளா? கிடையாது. புயல் அடிச்ச அன்னைக்கு நனைஞ்சுக்கிட்டு மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டு வந்திருக்கேன். "சட்டையைக் கொல்லையில கழட்டிப் போடுங்க"ன்னுதான் சொன்னா.

ரிட்டயர் ஆன மறு மாசமே நான் சொல்லிட்டேன், இனிமே நம்ம பாதியை நானே விதைக்கப் போறேன்னு. அவ சிரிச்சா. சிரிச்சதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. "ஏளா, உன் தம்பிக்கு வார உளுந்து எனக்கு வராதா?"ன்னு கேட்டேன். அவ சிரிப்பை நிப்பாட்டிட்டா. அப்புறம் சொன்னா: "சரி. ஒரு வெள்ளாமை பாருங்க. நல்ல உளுந்து ஒரு மூடையாவது இந்த வீட்டு வாசப்படி ஏறணும். ஏறலைன்னா நம்ம பாதியைத் திரும்ப தம்பிகிட்டயே விட்டிருவேன். அதுக்கப்புறம் நீங்க புஞ்சைப் பேச்சே எடுக்கக் கூடாது." நானும் சரின்னேன். அந்த ஒரு மூடைக்கு எத்தனை தூக்கம் போகும்னு அப்ப எனக்குத் தெரியல.

புரட்டாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும், மச்சினன் போன் பண்ணினான். "அத்தான், செவ்வாய்க்கிழமை ஊரே விதைக்கு. டிராக்டர் சொல்லியாச்சு. உங்க பாதியையும் அதோட சேத்து விதைச்சிரலாம், வாங்க." பைக்கை எடுத்துக்கிட்டுப் போனேன். தூத்துக்குடியைத் தாண்டுனதும் வார புதுக்கோட்டையில ஒரு டீ குடிச்சேன், அங்கன இருந்து பாத்தாலும் வானத்துல ஒரு பஞ்சு மேகம் கூடக் கிடையாது. புஞ்சையில போய் நின்னா மண்ணு வெடிச்சுக் கிடக்கு. கையை விட்டா முழங்கை வரைக்கும் போகுது. அந்தப் புழுதியில ஊருச்சனம் மொத்தமும் உளுந்தைத் தூவி, டிராக்டரை விட்டு மூடிக்கிட்டு இருக்காங்க.

"ஏலே, மழையே இல்லாம விதைக்கியே, இது எறும்புக்கு அன்னதானமால்லா இருக்கு?"ன்னு கேட்டேன்.

அவன் பொறுமையாத்தான் சொன்னான். "மழை வந்தப்புறம் கரிசல்ல கால் வைக்க முடியாது அத்தான். விதை உள்ள கிடந்தா முத மழைக்கே முளைச்சிரும். முந்தி முளைச்சா முந்திப் பூக்கும், காய்ப்புழு பெருகுறதுக்குள்ள காய் தோல் முத்திரும். ஊரு மொத்தமும் ஒண்ணா விதைச்சா இருக்க பூச்சி எல்லாப் புஞ்சைக்கும் பிரிஞ்சு போயிரும், ஒருத்தருக்கும் பெரிய சேதம் இருக்காது. பிந்தி விதைக்கவனுக்குத்தான் கேடு."

அவன் சொன்னதுல ஒரு சொல்லு கூடத் தப்பில்ல. எனக்கு அது அப்பவே பாதி புரிஞ்சுச்சு. ஆனா அதைச் சொல்லுதது அவனால்லா. அவனும் நானும் ஒரே நாள்ல, ஒரே டிராக்டர்ல, ஒரே விதையை விதைச்சா, வெளைஞ்சு வார உளுந்துல என் கை எங்க இருக்கு? அவ கிரைண்டர் மூடியைத் தூக்கிட்டு மறுபடியும் தம்பி கைன்னுதான் சொல்லுவா. அந்தக் கணக்கு என் மண்டையில ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் வரப்புல நின்னுக்கிட்டு, "மாப்ள, மழையைப் பத்தி எனக்குச் சொல்லாத. துறைமுகத்துல கூண்டு ஏறட்டும். அன்னைக்கு நான் விதைக்கேன்"னு சொன்னேன். பக்கத்துல நின்ன ரெண்டு பொம்பளைங்க வாயைப் பொத்திக்கிட்டாங்க. மச்சினன் மட்டும் சிரிக்கல. "உங்க இஷ்டம் அத்தான்"னு சொல்லிட்டு என் பங்கு விதையை ஒரு பையில கட்டித் தனியா வச்சான்.

ஐப்பசி ஆரம்பத்துல ரெண்டு நாள் மழை பேஞ்சுச்சு. கூண்டு ஏறல. சாதாரண மழைக்குக் கூண்டு ஏத்த மாட்டாங்க, அது புயலுக்கு உள்ளது. கயித்தை இழுத்து இழுத்துக் கையில காய்ப்பு விழுந்தவன் நான், எனக்குத் தெரியாத விஷயமா அது? தெரியும். ஆனா சொன்ன சொல்லை எப்படி மாத்துறது? அஞ்சாம் நாள் மச்சினன் போன்ல படம் அனுப்பினான். வரப்புக்கு அந்தப் பக்கம் பச்சைப் பொட்டாப் பொட்டா முளைச்சு நிக்கு. இந்தப் பக்கம் என் பாதி, கறுப்புச் சேறு. அவன் குத்திக்காட்ட அனுப்பல, மழை நல்லாப் பேஞ்சிருக்குன்னு சொல்லத்தான் அனுப்பினான். எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

அன்னைக்கே ஓடினேன். பிரயோசனம் இல்ல. கரிசல்ல ஒரு எட்டு வச்சேன், செருப்பு உள்ள போயிருச்சு, கால் மட்டும் வெளிய வந்துச்சு. டிராக்டர்காரர் தலையை ஆட்டிட்டாரு. மண்ணு காயட்டும்னு காத்திருந்தேன். காயப் போற நேரத்துல மறுபடியும் மழை. அப்படியே ஐப்பசி போச்சு. கார்த்திகை பிறந்து, கூண்டும் ஏறி இறங்கி, மண்ணு ஒருவழியா பொலபொலன்னு ஆன பிறகுதான் நான் விதைச்சேன். அவன் பயிர்ல அன்னைக்குப் பூ எடுத்திருந்துச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும், என் பயிர் வந்த வரத்து அப்படி. ஈரம் நெறைய இருந்ததால இலை ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம். கறுகறுன்னு பச்சை. அதைப் பாக்க வாரத்துக்கு மூணு தடவை பைக்குல போனேன். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டேன், காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. என் மகள் மட்டும் ஒரு கைதட்டல் போட்டா. மார்கழி பிறக்கும்போது வரப்புக்கு அந்தப் பக்கம் மச்சினனோட பயிர் மஞ்சளாகி இலை உதிர ஆரம்பிச்சிருச்சு. எனக்குள்ள ஒரு குதூகலம் வந்துச்சு பாருங்க, அதை நினைச்சா இப்பவும் கூச்சமா இருக்கு. அங்கன இருந்தே மனைவிக்குப் போன் போட்டு, "உன் தம்பி பயிருக்கு ஏதோ சீக்கு விழுந்திருச்சு போல, பாவம்"னேன். பாவம்கிற சொல்லை அவ்வளவு சந்தோஷமா என் வாழ்நாள்ல சொன்னதில்ல. அது சீக்கு இல்ல. காய் முத்தி, பயிர் பழுத்து, அறுப்புக்கு நிக்கு. கிறிஸ்துமஸுக்கு முன்னால அவன் பிடுங்கிக் களத்துல போட்டு அடிச்சு முடிச்சிட்டான். ஊரும் முடிச்சிருச்சு.

அதுக்கப்புறம் அந்தக் கரிசல் வெளி முழுக்க எங்க பாத்தாலும் கறுப்பு, நடுவுல என் பாதி மட்டும் பச்சை, அதுவும் மஞ்சப் பூவோட. ஊருல மிச்சம் இருந்த பூச்சி எல்லாத்துக்கும் என் புஞ்சைதான் பந்தி. பனியும் வானத்துல மூடாக்குமா இருந்த ஒரு வாரத்துல காய்ப்புழு இறங்கிருச்சு. பூவையும் மொட்டையும் நூலால பின்னிக் கட்டிக்கிட்டு உள்ள உக்காந்து திங்கும் அது. பிரிச்சுப் பாத்தா பூவுக்குள்ள புழுக்கையும் பொடியும்தான். மருந்து அடிச்சேன். மருந்து மேல படும், புழு உள்ள இருக்கும். அடுத்து வெள்ளை ஈ வந்துச்சு. செடியைத் தட்டினா சாம்பல் பறக்குற மாதிரிப் பறக்கும். அந்த ஈ வந்த பத்தாம் நாள் உள்ளங்கை அகல இலை எல்லாம் மஞ்சத் திட்டு. இப்ப நிஜமாவே சீக்கு.

வாட்ஸப் குரூப்ல போட்டோ போடுறதை நிப்பாட்டினேன். என் மனைவி ஏன்னு கேக்கல.

ஒரு நாள் மச்சினன் வந்து வரப்புல நின்னான். அவனைப் பாத்ததும் எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "எல்லாம் உன் புஞ்சையில இருந்து வந்த புழுலே. நீ அறுத்துட்டு என் பக்கம் விரட்டி விட்டுட்ட"ன்னு கத்தினேன். ஒரு சண்டைக்குத் தயாராத்தான் நின்னேன். அவன் ஒரு காயை உடைச்சுப் பாத்துட்டு, "ஆமா அத்தான், என் புஞ்சையில இருந்தும் வந்திருக்கும்"னான். அவ்வளவுதான். நான் அன்னைக்கே சொன்னேனேன்னு ஒரு வார்த்தை வரல. அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லியிருந்தா நான் பொழைச்சிருப்பேன். அவன் சாயங்காலம் வரைக்கும் என் கூட நின்னு மருந்து அடிச்சுக் குடுத்துட்டுப் போனான்.

அறுப்புன்னு பேருக்கு ஒண்ணு நடந்துச்சு. அடிச்சுத் தூத்திப் பாத்தா, போட்ட விதை அளவு கூட வரல. கல்யாண வீட்டுல தாம்பூலம் போட்டுக் குடுப்பாங்களே கட்டைப்பை, அதுல ஒரு பை. அதுவும் பாதி சுருங்கின மணி, பாதி கடிபட்ட மணி. களத்துல உக்காந்து அந்தப் பையையே பாத்துக்கிட்டு இருந்தேன். இந்தப் பையோட வீட்டுக்குப் போனா என் விவசாயம் அன்னையோட முடிஞ்சுச்சு. வரப்புக்கு இந்தப் பக்கமும் அவன்தான் நிப்பான். எனக்கு அதுதான் தாங்க முடியல, உளுந்து போனது கூட இல்ல.

அக்கா போட்ட நிபந்தனை மச்சினனுக்கும் தெரியும். அவன் வீட்டுல இருந்து ஒரு மூடையைத் தோள்ல தூக்கிட்டு வந்து என் பைக்குல வச்சுக் கட்டினான். "அத்தான், இது உங்க பாதியில வெளைஞ்சதுன்னு அக்காகிட்ட சொல்லிருங்க. நானா எதுவும் சொல்ல மாட்டேன். அடுத்த வருஷமும் நீங்களே பாருங்க." கயித்தை இறுக்கி முடிச்சுப் போட்டான். நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னேனான்னு கூட ஞாபகம் இல்ல. என் கட்டைப்பையை ஹேண்டில் பார்ல மாட்டிக்கிட்டு, வழி பூரா அவனைத் திட்டிக்கிட்டே வந்தேன். எனக்கு உதவுறதுக்கு இவன் யாரு?

மூடை வாசப்படி ஏறுச்சு. மனைவி கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் கண்ணைப் பாக்காம, "நம்ம உளுந்து"ன்னேன். கட்டைப்பையை மாடிப்படிக்கு அடியில பழைய பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால சொருகினேன். தூரப் போட மனசு வரல. என்ன இருந்தாலும் அது நான் விதைச்சது.

மறுநாள் சாயங்காலம் கிரைண்டர் ஓடுச்சு. நான் முன்னறையில பேப்பரை வச்சுக்கிட்டு ஒரே வரியையே வாசிச்சுக்கிட்டு இருந்தேன். மூடி தூக்குற சத்தம் கேட்டுச்சு. "ஏங்க, இங்கன வாங்க"ன்னா. போனேன். மாவு விளிம்பு வரைக்கும் பொங்கி நிக்கு. அவ ஈரக் கையால என் தோளைத் தொட்டு, "நான்கூட உங்களைச் சாதாரணமா நினைச்சிட்டேன். எங்க தம்பி உளுந்தை விட நல்லாப் பொங்குது"ன்னா. அவ முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தை மகள் பிறந்தப்ப பாத்தது. எத்தனை வருஷமா அந்தச் சொல்லுக்கு ஏங்கினேன். அது வந்துச்சு. வந்து, என்னைத் தாண்டி நேரா கயத்தாறுக்குப் போயிருச்சு. எனக்கு வரவேண்டிய பாராட்டைக்கூட அவன் எடுத்துக்கிட்டான்னு நினைச்சேன் பாருங்க, திருட்டு மூடையைக் கொண்டுவந்தவன் நான்.

அவ சும்மா விட்டாளா? கையைத் துடைச்சிட்டு, போனை ஸ்பீக்கர்ல போட்டுத் தம்பியைக் கூப்பிட்டா. "ஏலே, எங்க வீட்டுக்காரர் உளுந்து உன் உளுந்தை விடப் பொங்குதுலே. நீ தோத்துட்ட." அந்தப் பக்கம் கொஞ்சங்கூட யோசனை இல்ல. "ஆமாக்கா. அத்தான் கைராசி அப்படி"ன்னான்.

அந்தக் குரல்ல ஒரு துளி கேலி இல்ல. அதுக்கு மேல என்னால நிக்க முடியல. மாடிப்படிக்குப் போய் கட்டைப்பையை எடுத்துட்டு வந்து, புடைக்குற சொளகை இழுத்துப் போட்டு, அவ முன்னால கொட்டினேன். "இதுதான் என் கை. அது உன் தம்பி உளுந்து"ன்னேன். நல்ல மனசு வந்து உண்மையைச் சொன்னேன்னு யாரும் நினைக்க வேண்டாம். அவன் என்னை விட நல்லவனா இருக்கதைத் தாங்க முடியாமத்தான் சொன்னேன். போன் இன்னும் ஸ்பீக்கர்லதான் இருந்துச்சு.

அவ சொளகு முன்னால குத்த வச்சு உக்காந்து, கடிபட்ட மணியை விரலால தள்ளித் தள்ளிப் பாத்தா. அவ விவசாயி மக, பாத்ததும் எல்லாம் தெரிஞ்சிருக்கும். தலையைத் தூக்காமலே போன் பக்கம் பேசினா. "ஏலே, வார புரட்டாசிக்கு ரெண்டு பாதியையும் நீயே விதை."

சொன்ன சொல்லுல நின்னுட்டா. மூடை போச்சு, புஞ்சை போச்சு, இனி அந்தப் பேச்சையும் எடுக்கக் கூடாது. மச்சினன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கலாம்னு தோணுச்சு. என்னையும் கூட நிக்க விடு, நீ விதைக்க அன்னைக்கே நானும் புழுதியில விதைக்கேன், கூண்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு. வாழ்க்கையில முத தடவையா அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அதுக்கு மனசைத் தயார் பண்ணி, வாயைத் திறந்தேன்.

"அத்தான் வந்தாத்தான்க்கா நான் விதைப்பேன்"னு ஸ்பீக்கர்ல சொன்னான் அவன்.

அதுலயும் அவன் முந்திட்டான்.